தொங்கு கூரையில் ஒரு துளை

அலுவலகம், வங்கிக் கிளை, மருத்துவ ஆய்வகம், துணிக்கடை என நகரங்களில் மக்கள் நாள்தோறும் சென்றுவரும் இடங்கள் பலவற்றில் கான்கிரீட் தளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு ஓரிரு அடி கீழே, வெண்ணிறச் சதுரங்களாகப் பகுக்கப்பட்ட மற்றொரு கூரையே தெரிகிறது. கட்டடத் தொழிலாளர்கள் இதனைக் கிரிட் சீலிங் என்பர். பொதுவழக்கில் ஃபால்ஸ் சீலிங் என்ற பெயருக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. மேல்தளத்திலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்பட்ட உலோகச் சட்டங்களின்மேல், டைல்கள் எனப்படும் மெல்லிய சதுரப் பலகைகள் ஆணியோ திருகோ பசையோ இன்றி வெறுமனே படிந்திருப்பதே இதன் அமைப்பு. இத்தகைய டைல் ஒன்றில் வட்டமாகத் துளையிட்டு, உடல் மேலே மறையவும் ஒளிமுகம் மட்டும் கீழே தெரியவும் பொருத்தப்படுவது டவுன்லைட் எனப்படும் உட்பதி விளக்கு. துளையிடும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியது என்பதாலேயே அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை கவனம் பெறுவதில்லை. டைல் என்பது தன் எடையைத் தவிர வேறெதையும் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளன்று. துளை விழும் இடமோ டைலைப் பார்த்தல்ல, அறையைப் பார்த்து முடிவுசெய்யப்பட வேண்டியது. இவ்விரண்டையும் மறந்து செய்யப்படும் வேலை, ஓரிரு ஆண்டுகளிலேயே தொய்ந்த டைலாகவும் அணைந்த விளக்காகவும் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது.

மேற்கூரைக்கு அடியில் இன்னொரு கூரை அமைக்கும் எண்ணம் பழையதே எனினும், இன்று காணப்படும் வடிவம் அமெரிக்காவில் உருவானது. எரிக் ஹால் என்பவர் 1919-இல் விண்ணப்பித்து 1923-இல் பெற்ற காப்புரிமை, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் டைல்களால் ஆன தொங்கு கூரையைப் பற்றியது. அக்கூரையின் நடுவே எங்கேனும் பழுது ஏற்பட்டால், ஓரத்திலிருந்தோ, திறப்பதற்கென்றே விடப்பட்ட ஒரு டைலிலிருந்தோ தொடங்கி வரிசையாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஓஹையோ மாநிலத்தின் வெஸ்ட்லேக் நகரைச் சேர்ந்த டொனால்ட் பிரவுன் 1958-இல் விண்ணப்பித்து 1961-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில்தான், பக்கத்து டைலைத் தொடாமல் எந்த டைலையும் தனியே மேலே தூக்கி எடுத்துவிட முடிந்தது. குளிரூட்டும் குழாய்களும் மின், தொலைபேசி வயர்களும் அலுவலகக் கூரைகளில் பெருகிவந்த காலத்தில் இவ்வமைப்பு விரைவாகப் பரவியதில் வியப்பில்லை. இந்தியாவில் எந்த நிறுவனத்தின் டைலாக இருந்தாலும் ஆம்ஸ்ட்ராங் சீலிங் என்றே பலர் சொல்வதுண்டு. அப்பெயருக்குரிய அமெரிக்க நிறுவனம் 1860-இல் பிட்ஸ்பர்க் நகரில் புட்டிகளுக்கான தக்கை வெட்டும் கடையாகத் தொடங்கியது. விளக்குப் பொருத்துவோருக்கும் பிரவுனின் அமைப்பால் ஒரு பெரிய வசதி கிடைத்தது. ஜிப்சம் பலகைகளை இணைத்துப் பூசி மெழுகிய ஒரே பரப்பான கூரையில், ஏணிமேல் நின்று தலைக்கு மேல் கைதூக்கித் துளையிட வேண்டும்; தூசி முழுவதும் முகத்தில் கொட்டும். கிரிட் சீலிங்கிலோ டைலைக் கீழே இறக்கி, மேசைமேல் கிடத்தி, நிதானமாக அளந்து வெட்டலாம். வெட்டு பிசகினால் அந்த ஒரு டைலை மட்டும் மாற்றிவிடலாம்.

இக்கூரையின் எலும்புக்கூடு மூன்று வகைச் சட்டங்களால் ஆனது. சுவரைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் அறையப்படுவது சுவர்க்கோணம். அறையின் ஒரு திசையில் நீளமாக ஓடி, மேல்தளத்திலிருந்து வரும் கம்பிகளில் தொங்குவது முதன்மைச் சட்டம். முதன்மைச் சட்டங்களுக்கு இடையே குறுக்காகச் செருகப்படுவது குறுக்குச் சட்டம். முதன்மைச் சட்டமும் குறுக்குச் சட்டமும் துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்யப்படுபவை. வெட்டுமுகத்தில் டி என்ற ஆங்கில எழுத்தைத் தலைகீழாக வைத்த வடிவம் கொண்டவை என்பதால் டி-சட்டம் என்றும் அழைக்கப்படுகின்றன. கீழே தெரியும் விளிம்பு பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மெல்லிய தோற்றம் வேண்டுவோருக்கென 15 மில்லிமீட்டர் அகலத்திலும் வருகிறது. தொங்கு கம்பிகள் வழக்கமாக 1.2 மீட்டருக்கு ஒன்றாக, மேல்தளத்தில் துளையிட்டு இறுக்கப்பட்ட ஆங்கர்களிலிருந்து இறங்கும். 2 அடிச் சதுரம் என்று சொல்லப்படும் டைலின் உண்மையான அளவு 595 மில்லிமீட்டர் மட்டுமே. சட்டங்களின் மையத்துக்கு மையம் உள்ள 600 மில்லிமீட்டர் இடைவெளியில் அது தாராளமாக ஏறி இறங்குவதற்கே இக்குறைவு. டைலைக் கழற்ற விரும்புவோர் அதை மேலே தள்ளி, சாய்த்து, மூலைவாட்டில் திருப்பிக் கீழே இறக்குகின்றனர். இதற்குச் சட்டத்துக்கு மேலே நான்கு அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். குழாயோ உத்தரமோ தாழ்ந்து வரும் இடங்களில் அந்த இடமும் இருப்பதில்லை. அங்கே டைல் வெளியே வருவதே பெரும்பாடாகிவிடும்.

டைல் எதனால் ஆனது என்பதை அறியாமல் கத்தியை எடுப்பது தவறு. அலுவலகங்களில் மிகுதியாகக் காணப்படும் மினரல் ஃபைபர் டைல், உருக்கிய பாறையிலிருந்தோ உலைக்கசடிலிருந்தோ இழுத்த நாரை, பெர்லைட் என்னும் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள், களிமண், மாவுப்பசை ஆகியவற்றோடு கலந்து அழுத்திச் செய்யப்படுவது. அதன் முகத்திலுள்ள சிறு துளைகளும் கீறல்களும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. பேச்சொலி அவற்றுள் புகுந்து அடங்குவதால் அறையில் எதிரொலி குறைகிறது. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மையான இதை வெட்ட மின்கருவியே தேவையில்லை. ஜிப்சம் டைல் இதைவிடக் கனமானது. ஜிப்சம் பலகையின் முகத்தில் வினைல் என்னும் பிளாஸ்டிக் படலமும் முதுகில் பெரும்பாலும் அலுமினியப் படலமும் ஒட்டப்பட்டிருக்கும். கால்சியம் சிலிகேட் டைல் ஈரத்தை ஓரளவு நன்றாகவே தாங்குவதால், காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் கடலோர நகரங்களில் விரும்பி வாங்கப்படுகிறது; ஆனால் கடினமானதும் நொறுங்கக்கூடியதும் ஆகையால் அவசரப்பட்டு வெட்டினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். இரும்பு, அலுமினியத் தகட்டு டைல்களைத் துளையிடுவதற்கு உலோகத்துக்கான வெட்டுக்கருவி வேண்டும். வெட்டிய விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும் என்பதால், வயர் உரசும் இடத்தில் ரப்பர் வளையம் இடாமல் விடுவது ஆபத்தானது.

விளக்கின் பக்கத்திலும் காலம் பெரிதாக மாறியுள்ளது. முன்பு உட்பதி விளக்கு என்றால் ஆழமான உலோகக் கூட்டுக்குள் குண்டு பல்போ, ஹாலஜன் பல்போ எரிவதாக இருந்தது. 50 வாட் ஹாலஜன் விளக்கு தரும் ஒளியை இன்று ஏழெட்டு வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது, கூட்டின் ஆழமும் ஓரிரு அங்குலத்துக்குள் சுருங்கிவிட்டது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. அந்த நீல ஒளியின் அடிப்படையில் அமைந்ததே. ஆயினும் எல்.இ.டி. சூடாகாது என்ற நம்பிக்கை பாதி உண்மைதான். ஹாலஜன் தன் வெப்பத்தில் கணிசமான பகுதியை ஒளியோடு சேர்த்துக் கீழே வீசியது, எல்.இ.டி. தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டதை வெப்பமாக்கி, தன் முதுகுப்புறமுள்ள அலுமினியத் தட்டு வழியாக மேலே அனுப்புகிறது. அதாவது, விளக்கின் கீழே கை வைத்தால் சுடவில்லை என்பதற்குப் பொருள், சூடு முழுவதும் கூரைக்கு மேலே தேங்குகிறது என்பதே. விளக்கோடு வரும் டிரைவர் என்னும் சிறு பெட்டி, வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்ற குறைந்த, சீரான மின்னோட்டமாக மாற்றித் தருவது. பெரும்பாலும் முதலில் பழுதாவது அதுதான். அதனுள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு.

இனி, துளை எங்கே விழ வேண்டும் என்ற கேள்வி. கூரையின் உயரத்தில் பாதியளவு இடைவெளி விட்டு விளக்குகளை அமைப்பதும், சுவரிலிருந்து அந்த இடைவெளியில் பாதி தள்ளி முதல் விளக்கை வைப்பதும் உலகெங்கும் பின்பற்றப்படும் தோராய முறை. 12 அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள ஓர் அறையில் தொங்கு கூரை எட்டரை அல்லது ஒன்பது அடி உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், விளக்குகளுக்கு இடையே 4 அடியும், சுவரிலிருந்து 2 அடியும் வருகிறது. அகலவாக்கில் 2, 6, 10 என்ற அடிகளிலும், நீளவாக்கில் 2, 6, 10, 14 என்ற அடிகளிலும் மொத்தம் 12 விளக்குகள். கணக்கு அழகாக முடிகிறது. ஆனால் கூரை அமைத்தவர் ஒரு சுவரில் தொடங்கி முழு டைல்களாக அடுக்கிக்கொண்டு போயிருந்தால், சட்டங்கள் 2, 4, 6, 8, 10 என்ற அடிகளில் விழுந்திருக்கும். விளக்குக்குக் குறித்த இடங்கள் அனைத்தும் டைலின் நடுவில் அமையாமல் சட்டத்தின்மேலேயே போய் நிற்கும். அதே அறையில் இருபுறச் சுவரோரத்திலும் அரை டைல் வருமாறு கூரை அமைக்கப்பட்டிருந்தால் சட்டங்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படை அடிகளுக்கு நகர்ந்துவிடும். பன்னிரண்டு விளக்குகளும் பன்னிரண்டு டைல்களின் நட்ட நடுவில் அமையும். செலவில் பெரிய வேறுபாடு எதுவுமில்லாத இம்மாற்றத்தைச் செய்யும் வாய்ப்பு, முதல் முதன்மைச் சட்டம் தொங்கவிடப்படுவதற்கு முன்பு மட்டுமே உண்டு. விளக்குத் திட்டத்தை மின்பணியாளரிடம் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் வழக்கம் எத்தனை அறைகளைக் கோணலாக்கியிருக்கிறது என்பதை, கடைகளில் நிமிர்ந்து பார்ப்பவர் எவரும் அறியலாம். கூரை முன்பே அமைந்துவிட்ட அறையில், 4 அடிக் கணக்கைக் கைவிட்டு டைல்களின் மையங்களை ஒட்டியே விளக்குகளை வகுப்பதுதான் அறிவுடைமை. கண் முதலில் கண்டுபிடிப்பது ஒளியின் ஏற்றத்தாழ்வை அன்று, சதுரத்துக்குள் நடுவில் அமையாத வட்டத்தைத்தான்.

எத்தனை வாட் என்பதையும் இதே அறையைக் கொண்டு கணக்கிடலாம். விளக்கு வெளிவிடும் ஒளியின் அளவு லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமென் லக்ஸ் என்றும் குறிக்கப்படும். வாட்டுக்கு 100 லூமென் வீதம் 9 வாட் விளக்குகள் 12 சேர்ந்தால் 10,800 லூமென். சுவர்கள் உறிஞ்சியதும், காலப்போக்கில் மங்கியதும், தூசி மறைத்ததும் போக, மேசை மட்டத்தை எட்டுவது அதில் ஏறத்தாழப் பாதி. அறையின் பரப்பு சுமார் 18 சதுர மீட்டர் ஆகையால் 300 லக்ஸ் கிடைக்கும். காத்திருப்போர் அமரும் கூடத்துக்கு இது தாராளம். அலுவலக மேசைகளுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3646 சுட்டும் நடுத்தர அளவு 500 லக்ஸ் என்பதால், அங்கே 15 வாட் விளக்குகள் தேவைப்படும். வாட்டைவிடக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது நிறங்காட்டும் திறன். பகலொளியில் தெரியும் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதை 100-க்கு இத்தனை என்று அட்டைப்பெட்டியில் குறிப்பர். மலிவான விளக்குகள் 70-க்கும் 80-க்கும் இடையில் நின்றுவிடும். பட்டுப்புடைவை வாங்க வந்தவர்கள் புடைவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பது கூரை விளக்கின் மீதுள்ள நியாயமான ஐயமே. 90-க்கு மேற்பட்ட விளக்குகள் அந்நடையைக் குறைக்கும்.

மின்விசிறி சுழலும் அறைகளுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கைகள் மையத்திலிருந்து 2 அடி வரை சுழல்கின்றன. அவ்வட்டத்துக்கு நேர் மேலே விளக்கு அமைந்தால், ஒவ்வோர் இறக்கையும் ஒளியை வெட்டி வெட்டி விடுவதால் அறை முழுவதும் துடிப்பது போலாகித் தலைவலியை உண்டாக்கும். விசிறியின் மையத்திலிருந்து மூன்றடிக்கு அப்பால் விளக்கைத் தள்ளிவைப்பதே தீர்வு. விசிறியைப் பொறுத்தவரை, அது கான்கிரீட் தளத்திலுள்ள கொக்கியில் மட்டுமே தொங்க வேண்டும். அதன் தண்டு டைலைத் தொடாமல் கடந்துபோவதற்கு டைலை இரண்டாக அறுத்து, இரு பாதியிலும் அரைவட்டம் வெட்டிச் சேர்ப்பர்.

டைலை வெட்டவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. 2 அடிச் சதுர எல்.இ.டி. பேனல், டைல் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். சாதாரண அலுவலகக் கூடம் ஒன்றுக்கு அதுவே போதும், பெரும்பாலும் மேலானதும்கூட. வட்ட விளக்குகளைத் தேட வேண்டியது, ஒரு பொருளின்மேல் ஒளியைக் குவிக்க வேண்டிய கடைகளிலும், கண் கூசாத மென்மை வேண்டப்படும் வரவேற்பறைகளிலும், பேனலின் தட்டையான வெளிச்சம் மருத்துவமனையை நினைவூட்டும் என்று அஞ்சுவோரிடத்திலும்தான்.

வெட்டும் வேலை அளவிலிருந்து தொடங்குகிறது. விளக்கின் அட்டைப்பெட்டியில் இரண்டு விட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும்: ஒன்று வெளிவிளிம்பின் விட்டம், மற்றொன்று கட்-அவுட் எனப்படும் துளையின் விட்டம். வெளிவிளிம்பு 170 மில்லிமீட்டரும் துளை 150 மில்லிமீட்டரும் என்றால், துளையின் விளிம்பை மறைக்க ஒவ்வொரு புறமும் 10 மில்லிமீட்டர் மட்டுமே உள்ளது. துளை 5 மில்லிமீட்டர் பெரிதாகிப் போனால் அதில் கால்பங்கு கரைந்துவிடும், சற்றே விலகியும் போனால் பிறை வடிவில் இடைவெளி தெரியத் தொடங்கும். டைலின் மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியை மையமாகக் கொண்டு கவராயத்தால் வட்டம் வரைவதே பிழையற்ற முறை. ஒரே நேரத்தில் பல டைல்களைக் கழற்றுவோர், எது எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் கதவை நோக்கியிருந்தது என்று முதுகில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. ஓடுகோடுகள் உள்ள டைலில் ஒன்று மட்டும் திரும்பி அமைந்துவிட்டால் அது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். கையிலுள்ள எண்ணெய்ப்பிசுக்கு வெள்ளை டைலில் அழியாக் கறையாகப் படியும் என்பதால், பருத்திக் கையுறை அணிந்தே டைலைத் தொடும் தொழிலாளர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் டைலின் முகம் மேலே தெரியுமாறு கிடத்தி, அடியில் ஒரு கழிவு டைலையோ அட்டையையோ வைத்து, முகத்திலிருந்து முதுகை நோக்கி வெட்ட வேண்டும். சிதைவு எப்போதும் கருவி வெளியேறும் பக்கத்தில்தான் உண்டாகும், அப்பக்கம் மேலே மறைந்துபோவதில் நட்டமில்லை. மினரல் ஃபைபர் டைலுக்குக் கூர்மையான கட்டர் கத்தி போதும். ஒரே அழுத்தில் முடிக்க முயலாமல், கோட்டின்மேல் மூன்று நான்கு சுற்று இழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். அதிலுள்ள பாறைத்துகள்கள் அலகின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய அலகு வெட்டுவதை விட்டுவிட்டுப் பிய்க்கத் தொடங்கும் என்பதால், அலகுக்கு ஆகும் செலவில் சிக்கனம் பார்ப்பது டைலை வீணாக்கும். ஜிப்சம் டைலில் முதலில் வினைல் படலத்தை மட்டும் கத்தியால் வட்டமாகக் கீறிவிட்டு, பிறகு ஹோல் சா எனப்படும் வட்டரம்பத்தை டிரில்லில் பூட்டி, குறைந்த வேகத்தில் இறக்க வேண்டும். கீறாமல் இறக்கினால் படலம் சுருண்டு கிழியும். கால்சியம் சிலிகேட்டுக்கும் வட்டரம்பமே ஏற்றது. வட்டரம்பங்கள் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே கிடைப்பதால், விட்டத்தை மாற்றி அமைக்கக்கூடிய இரட்டை அலகு வெட்டியைப் பலரும் வைத்திருக்கின்றனர்.

தூசியைப் பொருட்படுத்தாமை இத்தொழிலின் பழைய குறை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, காப்புக்குப் பயன்படும் பாறைநார், கசடுநார் ஆகியவற்றை 2001-இல் மறுஆய்வு செய்து, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வகைப்படுத்த இயலாதவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. எனவே பேரச்சம் தேவையில்லை. எனினும் அந்நார்கள் தோலில் அரிப்பையும் தொண்டையில் கமறலையும் உண்டாக்கும். கால்சியம் சிலிகேட், சிமென்ட் பலகைகளின் தூசியில் நுரையீரலுக்குக் கேடு செய்யும் சிலிக்கா படிகத் துகள்கள் இருக்கக்கூடும். திறந்த வெளியில் வெட்டுவதும், என்-95 வகை முகக்கவசமும், கண்ணாடியும் அடிப்படைத் தேவைகள். பழைய கட்டடங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் கல்நார் சிமென்ட்டால் ஆன தட்டைத் தகடுகள் உட்கூரைகளுக்கும் பயன்பட்டுள்ளன. அமெரிக்காவிலும் பழைய கூரை டைல்கள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது. சாம்பல் நிறத்தில் சிமென்ட் போன்று காணப்படும் பழைய தகட்டை, அது கல்நார் அல்ல என்று உறுதியாகும் வரை வெட்டாமலிருப்பதே முறை.

துளை ஆனபின் விளக்கைத் தாங்குவது எது என்பதில்தான் பெரும்பாலான பணிகள் தவறிப்போகின்றன. டவுன்லைட்டின் இருபுறமும் சுருள்வில் பூட்டிய இரு கைகள் உள்ளன. அவற்றை மேல்நோக்கி மடக்கித் துளைக்குள் தள்ளியதும், அவை விரிந்து டைலின் முதுகை அழுத்த, கீழே வெளிவிளிம்பும் மேலே கைகளுமாகச் சேர்ந்து டைலைக் கவ்விக்கொள்ளும். கடினமான ஜிப்சம் கூரைக்காக எண்ணப்பட்ட இவ்வமைப்பு, மென்மையான மினரல் ஃபைபரில் நாளடைவில் பதிந்து அதை நொறுக்குகிறது. நடுவில் துளையிட்டதால் ஏற்கெனவே வலுவிழந்த டைல், விளக்கின் எடையும் மழைக்கால ஈரமும் சேர்ந்து கீழ்நோக்கி வளைகிறது. டைலின் முதுகில் சட்டத்திலிருந்து சட்டம் வரை எட்டும் துத்தநாகம் பூசிய ஓர் இரும்புத் தகட்டை, அதே விட்டத்தில் துளையிட்டு வைத்துவிட்டால், சுருள்வில் தகட்டை அழுத்தும், எடை சட்டங்களுக்குப் போய்விடும், டைல் வெறும் மூடியாக நிற்கும். ஒட்டுப்பலகைத் துண்டை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான பொருளுக்கு அருகில் எரியக்கூடிய மரத்தை வைப்பதைவிடத் தகட்டுக்கு ஆகும் சிறு செலவு மேல். சட்டத்தின்மேல் ஏறிய எடைக்கேற்ப, அவ்விடத்துக்கு அருகே கூடுதலாக ஒரு தொங்கு கம்பி இறக்குவதும் நல்ல பழக்கம். நிலநடுக்கம் மிகுந்த பகுதிகளுக்கான அமெரிக்கத் தரநிலை இதைக் கட்டாயமாகவே ஆக்கியுள்ளது: ஏறத்தாழ 4.5 கிலோ வரையுள்ள விளக்குக்கு மேல்தளத்திலிருந்து தனியாக ஒரு கம்பி, 25 கிலோ வரை இரண்டு கம்பிகள், அதற்கும் மேற்பட்டால் கூரைச் சட்டத்தை நம்பாமல் கட்டடத்திலிருந்தே நேரடித் தாங்கல். சட்டம் சரிந்தாலும் விளக்கு தலையில் விழக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

மின்னிணைப்பு உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மேற்பார்வை செய்வோருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புவயர் போதும். அது குழாய்க்குள் ஓடி, குழாய் மேல்தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டுமேயன்றி, டைல்களின்மேல் அவிழ்ந்து கிடக்கலாகாது. கூரையைத் தாங்கும் கம்பியிலேயே வயர்க்குழாயையும் கட்டித் தொங்கவிடுவதை அமெரிக்க மின்விதிகள் ஏற்பதில்லை. வயருக்குத் தனிக் கம்பி வேண்டும் என்கின்றன. கூரைச் சட்டம் முழுவதும் சுவரிலிருந்து சுவர் வரை ஒன்றோடொன்று இணைந்த உலோகம். உறை கிழிந்த ஒரு வயர் எங்கோ ஒரு மூலையில் அதன்மேல் படிந்தால், அறையின் மறுகோடியில் டைலைத் தூக்குபவரின் கையிலும் மின்சாரம் பாயலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருப்பது இதனால்தான் முக்கியம். எலிகள் வயரைக் கடிப்பதும் பல்லிகள் இணைப்புகளுக்குள் புகுவதும் தமிழகக் கூரைகளில் அரிதல்ல என்பதால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளுக்கு அங்கே இடமில்லை. மூடியுள்ள பெட்டிக்குள் கனெக்டர் வழியாகவே இணைக்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு மூன்று அடி வயர் உபரியாக விட்டிருந்தால், பின்னாளில் டைலை இறக்கி ஏணிமேல் வசதியாக வேலை செய்யலாம். டிரைவர் பெட்டியை விளக்கின் முதுகில் சாத்திவிடாமல் ஓரடியாவது தள்ளி வைப்பது, மேலே சொன்ன வெப்பக்கணக்கின்படி அதன் ஆயுளை நீட்டிக்கும்.

தொங்கு கூரைக்கு மேலே உள்ள வெளி வெறுமையானது என்று எண்ணிவிடக் கூடாது. மைய ஏ.சி. உள்ள அலுவலகங்கள் சிலவற்றில் அறையின் காற்று திரும்பிச் செல்லும் வழியே அதுதான்; தீப்பற்றினால் புகை முழுக் கட்டடத்துக்கும் பரவும் பாதையும் அதுவே ஆகையால், அங்கே எவ்வகை வயரும் பொருளும் செல்லலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. தீத்தடுப்புத் தரச்சான்று பெற்ற கூரைகளில் சான்று டைலுக்கு மட்டும் தரப்பட்டதன்று. சட்டமும் டைலும் விளக்கும் சேர்ந்த முழு அமைப்புக்குத் தரப்பட்டது. அதில் ஒரு துளையிட்டால் அச்சான்று பொருளிழந்துவிடும். விளக்கின்மேல் தீத்தடுப்புக் கூடு கவிழ்த்த பிறகே அதை மீட்க முடியும். மேல்மாடிகளில் வெயிலைத் தடுக்க டைல்களின்மேல் கண்ணாடி நார்ப் போர்வை விரித்திருந்தால், அது விளக்கின் முதுகை மூடாதவாறு சுற்றிலும் மூன்று அங்குலமாவது விலக்கப்பட வேண்டும். போர்வையால் மூடலாம் என்று தயாரிப்பாளரே குறித்துள்ள விளக்குகள் மட்டும் இதற்கு விலக்கு. வடகிழக்குப் பருவமழையின்போது மொட்டைமாடியிலிருந்து ஈரம் கசியும் கட்டடத்தில், பழுப்புக்கறை படிந்த டைல் ஒன்றில் விளக்குப் பொருத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கசிவை அடைத்து, ஒரு மழைக்காலம் கறை மீளாமல் இருப்பதைப் பார்த்த பிறகே அங்கே துளையிட வேண்டும்.

இவ்விளக்குகள் பெரும்பாலும் பல்பைத் தனியே மாற்ற இயலாத, ஒரே துண்டாக வருபவை. சில ஆண்டுகள் கழித்து ஒன்று அணையும்போது முதலில் டிரைவரை மட்டும் மாற்றிப் பார்ப்பது சிக்கனமானது; அதுவும் பயன் தராவிட்டால் அதே கட்-அவுட் அளவில் புதிய விளக்கு தேட வேண்டும். தயாரிப்பாளர்கள் அளவுகளை அடிக்கடி மாற்றிவிடுவதால் அது கிடைக்காமல் போவது வழக்கமாகிவிட்டது. பெரிய துளையில் சிறிய விளக்கைப் பொருத்தும் இணைப்பு வளையங்கள் கடைகளில் உள்ளன. அவை வேண்டாம் என்போர் புதிய டைலையே வெட்டிக்கொள்ளலாம். அதற்கென்று, கூரை அமைக்கும்போதே அதே தொகுப்பிலிருந்து நான்கைந்து டைல்களைக் கூடுதலாக வாங்கி, அட்டைப்பெட்டியோடு படுக்கைவாட்டில் ஈரமில்லாத இடத்தில் வைத்திருப்பது பயன்தரும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கூரை மெல்ல மஞ்சளாவதால், அந்தப் புதிய டைல் சில காலம் தனியாகத் தெரியத்தான் செய்யும். அறையின் மூலையிலுள்ள பழைய டைல் ஒன்றை நடுவுக்குக் கொண்டுவந்து வெட்டி, புதியதை அந்த மூலைக்கு அனுப்பிவிடுவது அனுபவமுள்ள தொழிலாளர்களின் வழக்கம்.